ஹவாய் போகிற கப்பல் மெக்சிகோவில் ஏன் நிற்கிறது?

2024 பிப்ரவரி 10, வந்த கேள்வி

"அண்ணே, அடுத்த குளிர்காலத்துல அம்மா அப்பா வர்றாங்க. ஹவாய்க்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போலாம்னு பார்த்தா, சான் பிரான்சிஸ்கோல ஏறினா 16 நாளாம். அதுல தீவு நாலே நாள். கடைசியில மெக்சிகோ வேற. ஏஜென்ட்கிட்ட கேட்டா 'ஜோன்ஸ் சட்டம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். காசு பிடுங்கத்தான் இப்படிச் சுத்த விடறாங்கன்னு எனக்குத் தோணுது. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க."

2024 பிப்ரவரி 11

தம்பி, நான் போய்விட்டு வந்து மூணு வாரம்தான் ஆகிறது. அதே 16 நாள், அதே வழி, அம்மா அப்பாவோடு. கப்பல்காரன் காசுக்காகச் சுற்றவில்லை. அது ஜோன்ஸ் சட்டமும் இல்லை.

ஜோன்ஸ் என்பது 1920 சட்டம், சரக்குக்கு. ஆட்களை ஏற்றுவதற்கு அதைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 1886-இல் போட்டது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுகிற வேலையை அமெரிக்காவில் கட்டி, அமெரிக்கர் கையில் இருந்து, அமெரிக்கக் கொடி பறக்கிற கப்பல்தான் செய்யலாம். நாம் ஏறுகிற பெரிய கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாம் பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று வேறு ஊர்க் கொடி. கட்டினது இத்தாலி, ஜெர்மனி, பின்லாந்து, பிரான்ஸ்.

ஹவாய் அமெரிக்க மாநிலம். சான் பிரான்சிஸ்கோவில் ஏறி, ஹிலோ, ஹோனலுலு பார்த்து, திரும்ப சான் பிரான்சிஸ்கோவிலேயே இறங்கினால் வழி முழுக்க அமெரிக்கா. வெளிநாட்டுக் கொடிக்கு அது ஆகாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டால் ஆகும். ஹவாயைச் சுற்றிக் கண்ணுக்கெட்டின தூரம் வெறும் கடல். திரும்புகிற வழியில் கைக்கு எட்டுகிற வெளிநாடு, சான் டியேகோவுக்குக் கீழே எல்லை தாண்டி 70 மைல் சொச்சத்தில் இருக்கிற என்செனாடா. அதனால்தான் மெக்சிகோ.

அதே நாள், ராத்திரி

விசா பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு, நம் ஆட்களுக்கு அதுதான் முக்கியம். என்செனாடாவைத் தொட்ட நிமிஷம் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்த கணக்கு. அம்மா அப்பா விசா பலமுறை நுழையக் கூடியதா என்று பாருங்கள். செல்லுபடியாகிற அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவைப்படாது. ஹெச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியானவர்கள் டிக்கெட் போடும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கப்பல் ஏறுகிற இடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் சட்டம் பேச முடியாது. எங்கள் வரிசையில் ஒரு குடும்பம் பெட்டியோடு அங்கேயே நின்றுவிட்டது, பாவமாக இருந்தது.

2024 பிப்ரவரி 13

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். "ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டால் போதும்" என்று எழுதினேன். ஏறின இடத்திலேயே இறங்குகிற பயணத்துக்குத்தான் அது சரி. ஓரிடத்தில் ஏறி வேறு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குவதென்றால் என்செனாடா போதாது. விதியில் "பக்கத்து" வெளிநாடு, "தூரத்து" வெளிநாடு என்று இரண்டு வகை. கனடா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, பெர்முடா, கரீபியன் தீவுகள் எல்லாம் பக்கத்து வகை. அரூபா, பொனேர், குராசவ் மூன்றை மட்டும் கரீபியனிலிருந்து பிரித்துத் தூரத்து வகையில் சேர்த்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவும் தூரத்து வகைதான்.

புளோரிடாவில் ஏறி, பனாமா கால்வாய் தாண்டி, கலிபோர்னியாவில் இறங்குகிற கப்பல்கள் ஏன் விடாமல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலோ அரூபாவிலோ நிற்கின்றன என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். இதுதான் காரணம். அழகான ஊர்தான், ஆனால் அழகுக்காக மட்டும் அங்கே போகவில்லை.

வான்கூவரில் ஏறி ஹோனலுலுவில் இறங்குகிற பயணமும் உண்டு. ஏறுவதே வெளிநாடு என்பதால் அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

2024 பிப்ரவரி 18

"சும்மா நாலு மணி நேரம் நிற்கிறதுக்கா இவ்வளவு புலம்பல்?" என்று கேட்டவருக்கு எங்கள் கதையைச் சொல்கிறேன்.

அப்பா இந்தப் பயணத்துக்குச் சரி என்றதே ஹவாயில் இருக்கிற கவாய் என்கிற தீவுக்காக. அங்கே ஒரு சைவ மடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி வழியில் வந்த சுப்பிரமுனியசுவாமி என்கிற அமெரிக்கர் உண்டாக்கியது. உள்ளே கடவுள் கோயில் என்று ஒன்று, பக்கத்தில் இறைவன் கோயில் என்று கருங்கல்லில் இன்னொன்று. அந்தக் கல்லை எல்லாம் பெங்களூர் பக்கத்தில் உளியால் செதுக்கிக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2023 மார்ச்சில்தான் குடமுழுக்கு. அப்பா பல வருஷமாக அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர். பெட்டியில் எல்லாவற்றுக்கும் முதலில் ஏறியது அவர் பட்டு வேட்டி.

நாலு நாள் கடல். அஞ்சாம் ராத்திரி தூங்கி எழுந்தால் ஹிலோ, மழை. அங்கே சந்தையில் அம்மா சேப்பங்கிழங்கு இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்க மனசில்லாமல் நின்றாள். அடுத்த நாள் ஹோனலுலு. அதற்கு அடுத்த நாள் கவாய்.

அப்பா அஞ்சு மணிக்கே குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, பால்கனியில் நின்றார். ஆறரைக்கு மாலுமி குரல் வந்தது. காற்று வரம்புக்கு மேலே போய்விட்டது, நவிலிவிலி துறைமுகத்துக்குள் நுழைய முடியாது, நேரே அடுத்த தீவான மௌயிக்குப் போகிறோம். அந்தத் துறைமுக வாய் குறுகல், தடுப்புச் சுவரைச் சுற்றி உடனே திரும்ப வேண்டும். அவ்வளவு உயரக் கப்பலைக் காற்று சுவர்மாதிரி தள்ளும். அந்த முடிவில் தப்பே இல்லை. தீவு கண்ணெதிரே பச்சையாக இருந்தது, மேலே மேகம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி கழித்து வேட்டியை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

வரவேற்பு மேசையில் போய்க் கேட்டேன். நாளைக்குக் காற்று குறைந்துவிடும் என்கிறார்களே, ஒரு நாள் நின்று பார்க்கக் கூடாதா? அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "என்செனாடாவைத் தவறவிட முடியாது சார்."

ஒரு வாரம் கழித்து என்செனாடா. சாயங்காலம் 6 மணிக்குக் கட்டினார்கள், 10 மணிக்கு அவிழ்த்தார்கள். குளிர். அப்பா மங்கி குல்லாவோடு படி இறங்கினார். துறைமுக வாசலில் ஒருத்தர் சுடச்சுட எண்ணெயில் பிழிந்து சர்க்கரை தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்று வாங்கிப் பாதியை அப்பாவுக்குக் கொடுத்தாள். அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இந்த ஊர்மேல நமக்கு என்னடா கோவம்? ஆனா நான் இதுக்கு வரல" என்றார். பதினஞ்சு நிமிஷத்தில் ஏறிவிட்டோம். அட்டையைத் தேய்த்ததும் மெஷின் பீப் என்றது. எங்கள் பயணம் சட்டப்படி சரியாகிவிட்டது.

2024 பிப்ரவரி 19

நேற்று எழுதினதைக் காலையில் திரும்பப் படித்தேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகச் சட்டத்தின்மேல் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மௌயியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர்வழி 2,000 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே. என்செனாடாவைச் சுற்றி வந்தால் எழுநூறு மைல் போலக் கூடுகிறது. மணிக்கு 19 கடல் மைல் வேகம் என்றால் 37 மணி நேரம் போல, நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை நாளுக்கும் மேல். ஆக, அந்தக் கட்டாயம் இல்லையென்றால் கவாய்க்கு ஒரு நாள் கையிருப்பு இருந்திருக்கும்.

ஆனால் கையிருப்பு இருந்தால் காத்திருப்பார்களா? மறுநாள் நவிலிவிலியில் வேறு கப்பலுக்கு இடம் கொடுத்திருப்பார்கள். மௌயியில் நாம் வருகிற நாளுக்கு எழுநூறு பேருக்கு பஸ் பேசியிருப்பார்கள். அதனால் பாதிப் பழி காற்றுக்கு, பாதி சட்டத்துக்கு. அந்தப் பாதியை நான் விடுவதாக இல்லை.

2024 மார்ச் 3

ஹவாயிலேயே ஏறி ஹவாயிலேயே இறங்கலாமே என்று ஒருத்தர் கேட்டார். வெளிநாட்டுக் கப்பலுக்கு அதுவும் அதே கதைதான். ஒரு வெளிநாட்டைத் தொட வேண்டும். இருபது வருஷம் முன்னால் அப்படி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கதையை எங்கள் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்த ஒரு பாட்டியம்மாதான் முதலில் சொன்னார்.

2001 டிசம்பரில் நார்வீஜியன் ஸ்டார் என்கிற கப்பல் ஹோனலுலுவிலிருந்து வாரா வாரம் கிளம்ப ஆரம்பித்தது. கிட்டத்து வெளிநாடு எது என்று பார்த்தால் தெற்கே சுமார் ஆயிரம் கடல் மைலில் ஃபேனிங் தீவு. கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது, அவர்கள் பெயர் தபுவேரன். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பவளத்தீவு, நடுவில் காயல், சுற்றித் தென்னை. இரண்டாயிரம் பேர் போல இருக்கிற இடம். ஏழு நாள் பயணத்தில் போகவும் வரவும் கடலிலேயே பெரும்பகுதி கழிந்துவிடும். ஹவாய் பார்க்க வந்தவர்கள் கிரிபாட்டி பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாட்டியம்மா 2003-இல் போனாராம். நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்கினார்கள். கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். சோழி மாலை ஒன்று வாங்கினார். அதை அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். இருபது வருஷத்தில் நூல் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டதாம். சோழிகள் பழுப்பேறி வழவழவென்று இருந்தன.

அந்தத் தீவைப் பற்றி அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பசிபிக்கின் அடியில் கனடாவிலிருந்து ஆஸ்திரேலியா பக்கம் போன தந்திக் கம்பிக்கு 1902 முதல் அது ஒரு நிலையம். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் நியூர்ன்பெர்க் வந்து கம்பியை அறுத்துவிட்டுப் போனது. அப்புறம் ரொம்ப காலம் கழிந்தது. பிறகு வாஷிங்டனில் 1886-இல் எழுதின ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கான பேரோடு கப்பல் வந்தது. அந்த வரிக்கு வேறு வழி கிடைத்ததும் கப்பல் நின்றுபோனது. அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். வாரம் ஒரு நாள் சோழி விற்கக் கரைக்கு வந்தவர்கள் அடுத்த வாரமும் வந்து நின்றிருப்பார்கள் இல்லையா? இதை நினைத்தால் என் கவாய் வருத்தம் சின்னதாகிவிடுகிறது.

2024 மார்ச் 4

இதையும் பாருங்கள். ஹோனலுலுவிலும் ஃபேனிங்கிலும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் தேதி ஒரு நாள் வித்தியாசம். 1995 பிறந்தபோது கிரிபாட்டி தேதிக்கோட்டைக் கிழக்கே நகர்த்திக்கொண்டது. பாட்டியம்மா முள்ளைத் திருப்பாமலே நாளைக்குப் போய்விட்டு நேற்றைக்குத் திரும்பியிருக்கிறார்.

2024 மார்ச் 17

"நடுவில் இறங்கிவிட்டால் என்ன ஆகும்?" நல்ல கேள்வி. அபராதம். அதை அரசு போடுவது கப்பல்மேல், கப்பல் அதை உங்கள் கணக்கில் எழுதும். சட்டம் வந்தபோது தலைக்கு 2 டாலர். அப்புறம் ரொம்ப காலம் 200, பிறகு 300. இப்போது விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போகிறார்கள், நாங்கள் போனபோது தொள்ளாயிரத்துக்கும் மேல்.

கேட்டதல்ல, கண்ணால் பார்த்தது. எங்கள் தளத்தில் புனேக்காரத் தம்பதி. ஹோனலுலுவில் இருக்கும்போது ஊரில் மாமியார் தவறிப்போன செய்தி வந்தது. உடனே விமானம் ஏற வேண்டும். மேசையில் ஒரு தாளை நீட்டினார்கள்: சான் பிரான்சிஸ்கோவில் ஏறி ஹோனலுலுவில் இறங்கினால் இன்ன தொகை, ஆளுக்கு. அந்தப் பெண் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். கணவர் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவசரம் என்று எழுதிக் கேட்டால் குறைக்க இடம் உண்டு என்கிறார்கள். அந்த நேரத்தில் யார் எழுதுவார்கள்? வயசானவர்களோடு போகிறவர்கள் இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பயணக் காப்பீட்டில் இது அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

2024 ஏப்ரல் 7

"அப்போ சட்டத்தையே எடுத்துவிடலாமே!" மூணு பேர் இதே கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரியில் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

ஹவாய்த் தீவுகளுக்குள்ளேயே ஓடின அமெரிக்கக் கொடிக் கப்பல் முன்பு உண்டு. இன்டிபென்டன்ஸ் என்று பழைய கப்பல். அதை நடத்தின கம்பெனி 2001 அக்டோபரில் திவாலானது. மிசிசிப்பியில் பாஸ்ககூலா தளத்தில் அவர்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த புதுக் கப்பல் பாதியில் நின்றது. வெளிநாட்டில் வேலையை முடித்து அமெரிக்கக் கொடி கட்டிக்கொள்ளலாம் என்று 2003-இல் தனியாக அனுமதி கொடுத்தார்கள். பாதிக் கப்பலை ஜெர்மனிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். 2004 ஜனவரியில் புயலில் தளத்திலேயே தண்ணீர் புகுந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தி, 2005-இல் ஓட ஆரம்பித்தது. அதுதான் பிரைட் ஆஃப் அமெரிக்கா. கூடவே இன்னும் இரண்டு கப்பல் அமெரிக்கக் கொடியோடு வந்தன. 2008-க்குள் இரண்டும் ஹவாயை விட்டுப் போய்விட்டன. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் என்செனாடாவைச் சும்மா தொட்டுவிட்டு மலிவாக வந்ததோடு போட்டி போட முடியவில்லை என்பது ஒரு காரணம்.

2007 நவம்பரில் இதற்கு ஒரு விளக்கம் கொண்டுவரப் பார்த்தார்கள். வெளிநாட்டு நிறுத்தம் 48 மணி நேரமாவது இருக்க வேண்டும், அமெரிக்கத் துறைமுகங்களில் நிற்கிற நேரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், பயணிகளை இறங்க விட வேண்டும். நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாங்கள் என்செனாடாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்போம்!

இன்னொரு பக்கம். எங்கள் அறையைப் பெருக்கின பையன் கோவாக்காரன். எட்டு மாத ஒப்பந்தம், வாரத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அமெரிக்கக் கொடிக் கப்பலில் அந்த வேலைக்கு அமெரிக்கக் கூலிச் சட்டம் பொருந்தும். 1886 சட்டம் என் அப்பாவின் ஒரு காலையைத் தின்றது உண்மை. யாரோ ஒருத்தர் வீட்டில் ஒழுங்கான சம்பளம் போட்டதும் அதே சட்டம்தான். இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு "எடுத்துவிடலாம்" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வளைக்க முடியாத சட்டமும் இல்லை. போர்ட்டோ ரிக்கோவுக்கு விலக்கு இருக்கிறது, அமெரிக்க வெர்ஜின் தீவுகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. 2021-இல் கனடா கதவடைத்தபோது, கனடாவைத் தொடாமலே சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகலாம் என்று மே மாதத்தில் அவசரமாக வழி செய்தார்கள். வேளைக்குத் தகுந்தாற்போல் ஹவாய்க்கும் ஒரு வழி யோசிக்கலாம். காற்றினால் ஒரு தீவு தவறினால் வெளிநாட்டு நிறுத்தத்தை மன்னிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என் ஆசை அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 9

தனிச் செய்தியில் ஒருவருக்கு "பிரைட் ஆஃப் அமெரிக்காவில் சூதாட்டம் கிடையாது, அமெரிக்கக் கொடி என்பதால்" என்று எழுதிவிட்டேன். தப்பு. ஹவாய் மாநிலச் சட்டத்தில் சூதாட்டம் கூடாது, அந்தக் கப்பல் தீவுகளை விட்டு விலகுவதே இல்லை, அதனால்தான். இது நம்மூருக்கும் புதுசில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பின சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி இதே கவலையில் கரைக்கு விடவில்லை. பயணிகள் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தராவது கவாய் அன்று எங்கள் பால்கனியில் நின்றிருந்தால் அப்பாவிடம் பேச விஷயம் இருந்திருக்கும்.

2024 நவம்பர் 10

போய்விட்டு வந்தோம்! போன மாதக் கடைசியில், பிரைட் ஆஃப் அமெரிக்காவில். இந்தத் தடவை ஹோனலுலுவரை விமானம். சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்கினோம். கடலில் மட்டுமே கழிகிற நாள் ஒன்றுகூடக் கிடையாது. மௌயியில் இரண்டு நாள், ஹிலோ, கோனா, கவாயில் வியாழனும் வெள்ளி மதியம்வரையும். ஏழு நாளுக்குக் கொடுத்த காசு, விமானம் சேர்த்து, போன தடவை 16 நாளுக்கு ஆனதைவிடக் கூட. கப்பலும் பழசு. ஆனால் பாஸ்போர்ட்டை யாரும் புரட்டவில்லை, அம்மா விசா பற்றி ஒரு கேள்வி இல்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் அம்மா அப்பாவுக்கு இதுதான் சரி.

வியாழன் காலை காற்று இருந்தது. கப்பல் நுழைந்துவிட்டது, ஆனாலும் அப்பா அன்றைக்குக் கிளம்பவில்லை. "நாளைக்கும் இருக்கே" என்றார். அந்த வார்த்தையைப் போன தடவை நாங்கள் யாரும் சொல்ல முடியவில்லை.

வெள்ளி காலை டாக்ஸியில் அரைமணிக்குள் போய்விட்டோம். பார்வையாளர்களை விடுவது காலையில்தான், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வாசலில் பெயரைப் பார்த்துவிட்டு அம்மா, "கோயில் பேரே கடவுளா?" என்றாள். உள்ளே ஆளுயர நடராசர். சுவரோரமாக நூற்றெட்டு கரணமும் சின்னச் சின்ன வடிவத்தில் பொன்னிறமாக நிற்கின்றன. வெளியே மழை தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம். காவி கட்டின வெள்ளைக்காரத் துறவி ஒருவர் தீபாராதனைத் தட்டைக் கொண்டுவந்தார். அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள்ளேயே மெல்லப் பாட ஆரம்பித்தார். துறவி தட்டோடு அங்கேயே நின்றார், பாட்டு முடிகிறவரை.

கப்பல் கிளம்புவது 2 மணிக்கு. ஒன்றேகாலுக்கெல்லாம் ஏறிவிட்டோம். வேட்டி ஓரம் சேறு, அப்பா அதை அலசப் போடவில்லை.